ஸ்டென்ட் வைத்த பிறகு உடம்பெல்லாம் தடிப்பு: ஒத்துக்கொள்ளாதது கம்பியா, குளிசையா?

வடலி (கோண்டாவில்)

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 64 வயது. போன மாதம் மாரடைப்பு வந்து, அஞ்சியோகிராம் (சாயம் ஏற்றி இதயக் குழாய்களைப் படம் பிடிக்கிற சோதனை) செய்து ஒரு ஸ்டென்ட், அதாவது அடைபட்ட குழாயை விரித்து வைக்கிற சின்னக் கம்பிவலைக் குழாய், வைத்தார்கள். வீட்டுக்கு வந்து ஒரு கிழமை நன்றாகத்தான் இருந்தார். அப்புறம் முதுகிலும் தொடையிலும் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு எழும்பி, இரவில் நித்திரை இல்லாமல் சொறிந்துகொண்டு இருக்கிறார். நெஞ்சு நோ இல்லை, இளைப்பு இல்லை, காய்ச்சலும் இல்லை.

வீட்டில் இப்போது பெரிய பட்டிமன்றம். "உடம்புக்குள் இரும்பை வைத்தால் உடம்பு அதைத் தள்ளத்தானே பார்க்கும்" என்கிறார் மாமா. அப்பாவுக்கு இளவயதில் இருந்தே மணிக்கூட்டுப் பட்டியின் கொளுக்கி பட்ட இடம் கடிக்கும். அதனால் மாமா சொல்வது அம்மாவுக்குச் சரியாகப் படுகிறது. குளிசைகளை எல்லாம் நிற்பாட்டிவிட்டு, தடிப்பு ஆறின பிறகு பார்ப்போம் என்று நிற்கிறார். அடுத்த கிளினிக் திகதிக்கு இன்னும் நாள் கிடக்கிறது. ஸ்டென்டுக்கு அலர்ஜி என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா? இருந்தால் அதைக் கழற்றலாமா?

சுன்னாகச் சந்தை

தம்பி, ஆஸ்பத்திரியால் வந்தவருக்கு வீட்டில் என்ன சமைத்துக் கொடுத்தீர்கள்? கணவாய், இறால், கத்தரிக்காய் எல்லாம் கிரந்திச் சாமான். என்ர அம்மாவுக்கும் சத்திரசிகிச்சைக்குப் பிறகு இப்படித்தான் எழும்பியது. பத்தியம் இருந்து பாருங்கோ.

மருந்துக்கடை (மானிப்பாய்)

வடலி, முதலில் ஒன்று. அம்மா குளிசையை நிற்பாட்ட வெளிக்கிட்டால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். மற்றதெல்லாம் ஆறுதலாகக் கதைக்கலாம், இது மட்டும் ஆறுதலாகக் கதைக்கிற விஷயமில்லை.

புதிதாக வைத்த ஸ்டென்டின் உள்பக்கம் வெறும் உலோகமும் மருந்துப் பூச்சும். அதன் மேல் குழாயின் சொந்தத் தோல் வளர்ந்து மூடச் சில மாதங்கள் ஆகும். அதுவரை இரத்தம் அதில் பட்டு உறையப் பார்க்கும். அதைத் தடுப்பதற்குத்தான் அஸ்பிரினோடு குளோபிடோக்ரல் அல்லது அதன் வகையில் இன்னொன்று என்று இரண்டு குளிசை. முதல் மாதத்தில் இவற்றைத் திடீரென்று விட்டால் ஸ்டென்டுக்குள் கட்டி விழுந்து குழாய் முழுதாக அடைபடலாம். அப்படி அடைபட்டால் பெரும்பாலும் பெரிய மாரடைப்புத்தான், உயிர் தப்பாதவர்கள் நிறையப் பேர். சொறிச்சலால் ஒருவரும் சாகவில்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். கிளினிக் கொப்பியில் இருக்கிற குளிசைப் பெயர்களை அப்படியே பார்த்து எழுதுங்கள். எது எப்போது தொடங்கியது என்பதும் வேண்டும்.

வடலி

கொப்பியில் இருப்பது: அஸ்பிரின், குளோபிடோக்ரல், அற்றோவாஸ்டற்றின், பிசோபிரலோல், எனலாப்பிரில். அஸ்பிரினும் அற்றோவாஸ்டற்றினும் அப்பா முன்னமே கொலஸ்ட்ரோலுக்காகப் பல வருடமாகப் போடுகிறவர். மற்ற மூன்றும் ஆஸ்பத்திரியில் தொடங்கியவை. அவர் சுத்த சைவம், சுன்னாகத்து அண்ணை. கணவாய் எங்கள் வீட்டுப் படலைக்குள்ளேயே வராது.

மருந்துக்கடை (மானிப்பாய்)

அப்படியானால் என் சந்தேகம் முதலில் குளோபிடோக்ரலில்தான் விழும். புதுக் குளிசை, தொடங்கி ஒரு கிழமை பத்து நாள் போனபிறகு வருகிற சொறிச்சல், முதுகிலும் தொடையிலும் பரவிய சிவப்பு. இது அந்த மருந்தின் வழக்கமான முகம். அஞ்சியோகிராமுக்கு ஏற்றுகிற சாயத்துக்கும் பிந்திய தடிப்பு வருவதுண்டு, ஆனால் அது அநேகமாக ஒரு கிழமைக்குள் தலைகாட்டிவிடும்.

எனலாப்பிரிலையும் மறக்க வேண்டாம். அது தோலில் தடிப்பைக் கொண்டுவருவதை விட, உதட்டையும் நாக்கையும் வீங்க வைப்பதில்தான் பெயர் போனது. தொடங்கி மாதக்கணக்கில் ஆன பிறகும் வரலாம். உதடு தடித்தாலோ, குரல் மாறினாலோ, விழுங்கக் கஷ்டம் என்றாலோ நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்கக்கூடாது.

நல்ல செய்தி என்னவென்றால், குளோபிடோக்ரல் தடிப்பு வந்த பலருக்கு அந்தக் குளிசையை நிற்பாட்டாமலே, அலர்ஜிக் குளிசையும் கொஞ்ச நாளைக்கு ஸ்டீரொய்டும் கொடுத்து அடக்கியிருக்கிறார்கள். அடங்காவிட்டால் டைகாக்ரலோருக்கு மாற்றலாம், அது வேறு இரசாயனக் குடும்பம். பிரசுகிரல் இருக்கிறதுதான், ஆனால் அது குளோபிடோக்ரலின் சொந்தக்காரன், அதற்கும் அதே தடிப்பு வரச் சந்தர்ப்பம் உண்டு. பாரிசவாதம் வந்தவர்களுக்கு அதைக் கொடுப்பதும் இல்லை. இந்தத் தெரிவு எல்லாம் இதய டொக்டருடையது. கடையில் நான் மாற்றித் தருகிற சாமான் இல்லை, வேறு கடைக்காரர் தந்தாலும் வாங்காதீர்கள்.

ஸ்காபரோ அண்ணை (கனடா)

மன்னிக்க வேணும், எல்லோரும் இதைச் சின்ன விஷயமாக எடுக்கிறீர்கள். கூனிஸ் சிண்ட்ரோம் என்று தேடிப் பாருங்கள். அலர்ஜியாலேயே மாரடைப்பு வருகிற நோய் அது. அதில் மூன்றாம் வகை என்று ஸ்டென்டுக்கே தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். வடலியின் அப்பாவுக்கு மணிக்கூட்டுக் கொளுக்கியே ஒத்துக்கொள்ளாது, அது நிக்கல் அலர்ஜி. ஸ்டென்டில் இருப்பதும் நிக்கல். இரண்டையும் கூட்டிப் பார்க்க டொக்டர் தேவையில்லை. என்னிடம் கேட்டால் கொழும்புக்குக் கொண்டுபோய் அதைக் கழற்றச் சொல்லிக் கேட்பேன். வைக்கிறதுக்கு முதல் அலர்ஜி இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லைதானே?

மாமாவின் ரசிகன்

கடைசி வரிக்கு நூறு லைக்.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி (நல்லூர்)

இதய வார்ட்டில் நெடுங்காலம் வேலை செய்தவள் நான். ஸ்காபரோ அண்ணை சொன்ன நோய் உண்மையானது, அதை மறுக்க வரவில்லை. அதில் இருந்து அவர் போன முடிவுதான் பிழை.

1991இல் கிரேக்க நாட்டு இதய வைத்தியர் நிக்கலஸ் கூனிஸும் அவரோடு சவ்ராஸ் என்பவரும் இதை விவரித்தார்கள். அதற்கு முதலும், 1950லேயே, பெனிசிலின் அலர்ஜி நடந்துகொண்டு இருக்கும்போது மாரடைப்பு வந்த ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். நடப்பது இதுதான்: ஒவ்வாத பொருள் ஒன்று உடம்புக்குள் போனதும் அலர்ஜியைக் கிளப்புகிற மாஸ்ட் கலங்கள் உடைந்து ஹிஸ்டமின், டிரிப்டேஸ் போன்றவற்றைக் கொட்டுகின்றன. இந்தக் கலங்கள் தோலிலும் சுவாசப்பையிலும் மட்டும் இல்லை, இதயத்திலும் முடியுரு நாடியின் (இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகிற குழாயின்) சுவரிலும் இருக்கின்றன. கொட்டிய சாமான் நாடியைச் சுருக்கும், கொழுப்புப் படிவின் மூடியை அரிக்கும், குருதிச் சிறுதட்டுகளை ஒட்ட வைக்கும். தோலில் தடிப்பாகத் தெரிகிற அதே சண்டை இதயக் குழாய்க்குள்ளும் நடக்கிறது.

இதில் மொத்தம் மூன்று வகை. நாடிகள் சுத்தமாக இருந்தும் சுருங்கி இழுப்பது முதல் வகை. ஏற்கெனவே படிவு இருந்து, அலர்ஜி அதைக் கிளப்பிவிடுவது இரண்டாவது. ஸ்டென்ட் வைத்தவருக்கு அந்த ஸ்டென்டுக்குள்ளேயே கட்டி விழுவது அல்லது அது திரும்ப ஒடுங்குவது மூன்றாவது. இங்கேதான் அண்ணை கவனிக்க வேண்டும். மூன்றாம் வகையில் அலர்ஜி ஸ்டென்டுக்கு எதிராகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. குளவி குத்தினதாக இருக்கலாம், அன்ரிபயோட்டிக் ஊசியாக இருக்கலாம், சாப்பாடாக இருக்கலாம், குளோபிடோக்ரலாகவும் இருக்கலாம். சண்டை எங்கே தொடங்கினாலும் அது ஸ்டென்டுக்குள் போய் முடிகிறது என்பதுதான் அந்தப் பிரிவின் கருத்து. உலோகம், மருந்து, மருந்தைப் பிடித்து வைத்திருக்கிற பிளாஸ்டிக் பூச்சு ஆகியவையும் சந்தேகப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் அவை பட்டியலில் சில பெயர்கள் மட்டும்தான்.

கழற்றுகிற கதை. ஸ்டென்டைப் பலூனால் விரித்து நாடிச் சுவரில் அழுத்தி வைக்கிறார்கள். எங்கள் வேலிகளில் கிளுவைக் கதியாலில் கட்டிய கம்பி சில வருடத்தில் பட்டைக்குள் போய்விடுமே, கிட்டத்தட்ட அதே மாதிரி. கம்பியை எடுக்க வேண்டுமென்றால் கதியாலை வெட்ட வேண்டும். உலகத்தில் மிக அரிதாக, நெஞ்சைத் திறந்து, நாடியைப் பிளந்து எடுத்திருக்கிறார்கள். முதுகில் வந்த தடிப்புக்காக ஒருவரும் அதைச் செய்யமாட்டார்கள், செய்யவும் கூடாது.

பொலி டெக் (திருநெல்வேலி)

உலோகம் படிப்பிக்கிறவன் என்பதால் நிக்கல் பற்றி மட்டும் சொல்கிறேன். முதல் தலைமுறை ஸ்டென்டுகள் 316எல் துருப்பிடிக்காத உருக்கு. அதில் நிக்கல் 10 முதல் 14 வீதம், குரோமியம் 16 முதல் 18 வீதம், மொலிப்தனம் 2 முதல் 3 வீதம். பிறகு கோபால்ட் குரோமியம் வந்தது. அதில் எல்605 என்ற கலப்பில் நிக்கல் 10 வீதம் அளவில், எம்பி35என் என்ற கலப்பில் 35 வீதம். அதாவது "கோபால்ட் ஸ்டென்ட், அதனால் நிக்கல் இல்லை" என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். பிளாட்டினம் குரோமியத்திலும் நிக்கல் இருக்கிறது.

ஆனால் வீதத்தைப் பார்த்துப் பயப்படுவதில் அர்த்தம் இல்லை. முழு ஸ்டென்டே மில்லிகிராம் கணக்கில்தான் நிறை. அதன் மேல் குரோமியம் ஒக்சைட் படலம் இருக்கும், நிக்கல் வெளியே கசிவதை அது பெரும்பாலும் தடுக்கும். மணிக்கூட்டுக் கொளுக்கியும் கவரிங் தோடும் வியர்வையில் ஊறி, தோலில் உரசி, நாள் முழுக்க நிக்கலைக் கசியவிடும். அது வேறு நிலைமை. தோலில் வருவது பிந்திய வகை ஒவ்வாமை, தோலின் கலங்களுக்கு அதற்கென்றே ஒரு ஏற்பாடு உண்டு. நாடியின் உள்சுவர் அப்படி நடந்துகொள்ளும் என்று சொல்ல முடியாது.

ஸ்காபரோ அண்ணை (கனடா)

அப்படியென்றால் 2000ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் வந்த ஜெர்மன் ஆய்வை என்ன செய்வது? ஸ்டென்ட் வைத்த 131 பேருக்குப் பட்டிச் சோதனை, அதாவது உலோகத்தைத் தோலில் ஒட்டி அலர்ஜி வருகிறதா என்று பார்க்கிற சோதனை, செய்தார்கள். உலோக அலர்ஜி காட்டிய பத்துப் பேருக்கும், ஒருவர் விடாமல், ஸ்டென்ட் திரும்ப ஒடுங்கியிருந்தது. பத்துக்குப் பத்து! நான் சும்மா யூடியூப் பார்த்துக் கதைக்கவில்லை.

பொலி டெக் (திருநெல்வேலி)

நல்ல கேள்வி, நேரான கேள்வி. அந்த ஆய்வு இருக்கிறது, எண்களும் சரி. ஆனால் யாரைச் சோதித்தார்கள் என்று பாருங்கள். ஸ்டென்ட் ஒடுங்கியிருக்கலாம் என்ற சந்தேகத்தில் மறுபடி அஞ்சியோகிராமுக்கு வந்தவர்கள். அவர்களில் பெரும் பகுதிக்கு, அலர்ஜி இல்லாதவர்களுக்கும், ஒடுக்கம் இருந்தது. பத்துப் பேர் என்பது சிறிய தொகை. இன்னொன்று, ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்த பிறகுதான் சோதனை. அலர்ஜி முன்னமே இருந்ததா, ஸ்டென்ட் வைத்ததால் வந்ததா என்று அதை வைத்துப் பிரிக்க முடியாது. பின்னால் மற்ற இடங்களில் செய்த ஆய்வுகளில் சில இதே முடிவைத் தரவில்லை. அப்போதிருந்தவை பூச்சு இல்லாத உருக்கு ஸ்டென்டுகள், இன்றைக்கு வைப்பது வேறு. அதனால்தான் ஸ்டென்ட் வைக்க முதல் எல்லோருக்கும் நிக்கல் சோதனை செய்வது உலகத்தில் எங்கும் வழமையில் இல்லை.

மாரடைப்போடு வருகிறவருக்குப் பட்டிச் சோதனை செய்ய முடியுமா என்பதையும் யோசியுங்கள். முதுகில் ஒட்டி இரண்டு நாள் கழித்துப் பார்க்கிற சோதனை அது. நாடி அடைபட்ட இதயத் தசைக்கு மணித்தியாலக் கணக்குத்தான்.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி (நல்லூர்)

பூச்சு பற்றியும் ஒரு சொல். அங்கேதான் உண்மையான சரித்திரம் இருக்கிறது. 2003இல் அமெரிக்காவில் சைஃபர் என்ற, சிரோலிமஸ் மருந்து பூசிய ஸ்டென்டுக்கு அனுமதி கொடுத்தார்கள். அதே வருடக் கடைசியில் அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமான எஃப்டிஏயே, இந்த ஸ்டென்ட் வைத்த சிலருக்குக் கட்டி விழுவதும் ஒவ்வாமை அறிகுறிகளும் வந்ததாக எச்சரிக்கை விட்டது. 2004இல் ஒரு நோயாளியின் பிரேத பரிசோதனை வெளியானது. 58 வயது ஆண், ஸ்டென்ட் வைத்து 18 மாதத்துக்குப் பிறகு அதில் கட்டி விழுந்து இறந்தவர். ஸ்டென்டைச் சுற்றி நாடிச் சுவர் முழுக்க அலர்ஜிக் கலங்கள், இயோசினோஃபில்கள், மண்டிக் கிடந்தன. சிரோலிமஸ் மருந்து அதற்குள் எப்பவோ கரைந்து போயிருக்கும், மிச்சம் இருந்தது பிளாஸ்டிக் பூச்சுத்தான் என்பதால் பழி பூச்சின் மேல் விழுந்தது.

ஆகவே ஸ்டென்டுக்கு அலர்ஜியே கிடையாது என்று நான் சொல்ல மாட்டேன். இருக்கிறது, மிக அரிது, அது வருகிற விதமும் வேறு. சைஃபர் செய்வதை 2011இல் கம்பனியே நிற்பாட்டிவிட்டது. இப்போதைய ஸ்டென்டுகளின் கம்பி மெல்லியது, பூச்சு உடம்புக்கு இணக்கமானது, சிலவற்றில் பூச்சு தானே கரைந்து போகும், சிலவற்றில் பூச்சே இல்லை.

வடலி கவனிக்க: அப்படி நாடிக்குள் நடக்கிற ஒவ்வாமை முதுகுத் தோலில் வந்து சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று இல்லை. மறுபக்கமாக, முதுகில் வருகிற தடிப்பில் பெரும்பாலானது குளிசையின் வேலை.

கடற்கரைக் காற்று (பருத்தித்துறை)

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். மிஸ்ஸி அக்கா சாப்பாடு என்று சொன்னதும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. என் அண்ணனுக்கு இரண்டு வருடத்துக்கு முதல் ஸ்டென்ட் வைத்தது. போன வருடம் ஒரு மத்தியானம் சூரை மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டுக் கை கழுவவில்லை, முகம் தீப்பிடித்த மாதிரிச் சிவந்து, தலை வெடிக்கிற இடி, உடம்பெல்லாம் சூடு. பிறகு நெஞ்சு இறுக்கம். அருகில் இருந்த ஒரு தனியார் இடத்துக்குக் கொண்டுபோனோம். "மீன் கிரந்தி, காஸ்" என்று சொல்லி ஒரு ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். ஈசிஜி எடுக்கவே இல்லை. ஸ்டென்ட் இருக்கிறது என்று நாங்கள் சொன்னோம். அதே மீனைச் சாப்பிட்ட அண்ணிக்கும் முகம் சிவந்தது. அண்ணனுக்குப் பிறகு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இதைக் கேட்ட பிறகு...

ஓய்வுபெற்ற மிஸ்ஸி (நல்லூர்)

அண்ணிக்கும் வந்தது என்றீர்களே, அதில்தான் விடை இருக்கிறது. அது பெரும்பாலும் மீன் அலர்ஜி இல்லை, ஹிஸ்டமின் நஞ்சு. சூரை, கும்பளா, சாளை மாதிரி மீன்களைப் பிடித்த உடனே ஐசில் போடாமல் வெயிலில் கிடக்க விட்டால் பக்டீரியா மீனின் தசையில் ஹிஸ்டமினை உண்டாக்கிவிடும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. பொரித்தாலும் அழியாது. வாயில் மிளகு கடித்த மாதிரி ஒரு உறைப்புத் தெரிந்தால் அந்தத் துண்டைத் துப்பிவிட வேண்டும்.

ஹிஸ்டமின் உடம்புக்குள் சுரந்தாலும் வெளியில் இருந்து வந்தாலும் நாடிக்கு ஒன்றுதான். இந்த மீன் நஞ்சுக்குப் பிறகு கூனிஸ் சிண்ட்ரோம் வந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். அண்ணனுக்கு அன்று நடந்தது அதுதான் என்று இவ்வளவு காலத்துக்குப் பிறகு ஒருவராலும் சொல்ல முடியாது. ஆனால் ஸ்டென்ட் வைத்த ஒருவர் தடிப்போடும் நெஞ்சு இறுக்கத்தோடும் வந்தால் ஈசிஜி எடுக்காமல் அனுப்புவது சரியான வேலை இல்லை. அதைச் சத்தமாகவே சொல்வேன். அடுத்த முறை கேட்டு வாங்குங்கள்: ஈசிஜி, ட்ரோபோனின் (இதயத் தசைச் சேதத்தைக் காட்டுகிற இரத்தச் சோதனை), வசதி இருந்தால் அலர்ஜியைக் காட்டுகிற டிரிப்டேஸ். டிரிப்டேஸ் முதல் ஒன்றிரண்டு மணித்தியாலத்தில்தான் உச்சத்தில் இருக்கும், நான்கு மணித்தியாலத்துக்குள் எடுத்தால்தான் பயன். நாளைக்கு எடுத்தால் ஒன்றும் காட்டாது.

குளவிக்கும் இதே கதை. பனையில் ஏறுகிறவர்கள், காவோலை வெட்டுகிறவர்கள் கவனம்.

மாமாவின் ரசிகன்

அப்படி வந்தால் வீட்டில் என்ன செய்வது? அஸ்பிரினைக் கரைத்துக் குடிக்கக் கொடுக்கிறதா?

ஓய்வுபெற்ற மிஸ்ஸி (நல்லூர்)

1990 என்ற இலக்கத்துக்குப் போன் அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் 2018இல் இருந்து வடக்கிலும் ஓடுகிறது, காசில்லை. ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு சந்தி சந்தியாகத் திரியாதீர்கள். போனிலேயே இரண்டு விஷயம் சொல்லுங்கள்: ஸ்டென்ட் இருக்கிறது, இப்போது அலர்ஜி நடக்கிறது.

கரைத்த அஸ்பிரின் வழக்கமான மாரடைப்புக்கு நல்லது. ஆனால் அஸ்பிரினே அலர்ஜியைக் கிளப்பியிருக்கலாம் என்ற சந்தேகம் உள்ள இடத்தில் வீட்டில் விளையாடக்கூடாது. ஆஸ்பத்திரியிலும் இது கத்தி மேல் நடக்கிற வைத்தியம். மூச்சு முட்டி, பிரஷர் விழுந்து, கடும் அலர்ஜி என்றால் தொடையில் போடுகிற அட்ரினலின் ஊசிதான் முதல் மருந்து, அதில் தயங்க முடியாது. அதே அட்ரினலின் முடியுரு நாடியைச் சுருக்கவும் கூடும் என்பதால் இதயத்தைப் பார்த்துக்கொண்டே கொடுப்பார்கள். நெஞ்சு நோவுக்குப் போடுகிற மோர்பின் ஹிஸ்டமினைக் கூட்டும். வடலியின் அப்பா மாதிரி பிசோபிரலோல் போடுகிறவர்களுக்கு அட்ரினலின் சரியாக ஏறாமல் போகலாம், அதற்குக் குளுக்ககோன் என்று வேறு மருந்து இருக்கிறது. இதனால்தான் குளிசைப் பட்டியல் கையில் இருக்க வேண்டும் என்று தொண்டை காயக் கத்துகிறேன்.

வேப்பம்பூ (கைதடி)

நான் கைதடியில் சித்த மருத்துவம் படித்தவள். மாமாமார் அடுத்ததாக எங்கள் பக்கம்தான் வருவார்கள் என்பதால் முன்கூட்டியே எழுதி வைக்கிறேன். வடலி, தயவுசெய்து அப்பாவை இப்போது கசாயத்துக்குக் கூட்டிக்கொண்டு வராதீர்கள். ஸ்டென்ட் வைத்த முதல் மாதங்களில் இரண்டு இரத்தக் குளிசை போடுகிறவருக்கு உள்மருந்து கொடுக்க நான் துணியமாட்டேன். உள்ளி, இஞ்சி கறிக்குப் போடுகிற அளவில் பிரச்சினையில்லை. உள்ளியைச் செறிவாக்கிய குளிசைகள், "இதய அடைப்பு நீக்கி" என்று பேஸ்புக்கில் விற்கிற சாறுகள் இரத்தப் போக்கைக் கூட்டலாம். என்ன போட்டிருக்கிறார்கள் என்று போத்தலில் எழுதாத சாமானை யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன், ஸ்டென்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

கடிக்கு வெளியே பூசுவதென்றால் கலமைன் போதும். சுடுதண்ணியில் குளிக்க வேண்டாம், கடி கூடும்.

சுன்னாகச் சந்தை

சரி, சித்த வைத்தியரே சொன்ன பிறகு நான் என்ன சொல்ல. ஆனால் என் மனதில் ஒன்று. எனக்கு நண்டும் இறாலும் ஒத்துக்கொள்ளாது, உதடு வீங்கும். கடல் சாப்பாடு அலர்ஜி உள்ளவனுக்கு அஞ்சியோகிராம் செய்யக்கூடாது, அந்தச் சாயத்தில் அயடின் இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். எனக்கும் ஈசிஜியில் ஏதோ மாற்றம் என்று அஞ்சியோகிராம் எழுதித் தந்திருக்கிறார்கள். பயத்தில் போகாமல் இருக்கிறேன்.

மருந்துக்கடை (மானிப்பாய்)

அண்ணை, போங்கோ. இது ஊரெல்லாம் ஓடுகிற பழங்கதை. நண்டு, இறால் அலர்ஜி அவற்றின் தசையில் இருக்கிற ட்ரொப்போமயோசின் என்ற புரதத்துக்கு. அயடினுக்கு இல்லை. அயடினுக்கு அலர்ஜி என்றால் உப்புப் போட்ட சோறும் சாப்பிட முடியாது, நாங்கள் எல்லோரும் அயடின் உப்புத்தானே பாவிக்கிறோம். முன்பு ஒரு தடவை இதே சாயம் ஏற்றும்போது உங்களுக்குத் தடிப்போ இளைப்போ வந்திருந்தால் அதுதான் முக்கியம், அதைச் சொல்லுங்கள். இறால் அலர்ஜியையும் ஆஸ்மா இருந்தால் அதையும் சொல்லுங்கள், எழுதிக்கொள்வார்கள். முன்னமே சாயம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஸ்டீரொய்டும் அலர்ஜிக் குளிசையும் முன்கூட்டியே கொடுத்துச் செய்வார்கள். அஞ்சியோகிராமைத் தள்ளிப் போட இது காரணமே இல்லை.

ஸ்காபரோ அண்ணை (கனடா)

கழற்றச் சொன்னதை விடுகிறேன். ஆனால் வைக்க முதல் கேட்க வேண்டும் என்பதில் மாற்றமில்லை. நிக்கல் அலர்ஜி இருக்கிறதா என்று ஒரு வரி கேட்க என்ன செலவு?

ஓய்வுபெற்ற மிஸ்ஸி (நல்லூர்)

இதில் உங்களோடு நிற்கிறேன், அண்ணை. கேட்பதால் ஸ்டென்ட் வைப்பது நிற்கப் போவதில்லை, நிற்கவும் கூடாது. ஆனால் கொப்பியில் ஒரு வரி இருந்தால், பின்னுக்குக் காரணமில்லாமல் ஸ்டென்ட் திரும்பத் திரும்ப ஒடுங்கினால் யோசிக்க ஒரு திசை கிடைக்கும். அவசரமில்லாமல் நாள் குறித்து வைக்கிறவர்களிடம் கேட்க நேரமும் இருக்கிறது.

வடலி

எல்லோருக்கும் பதில். அம்மாவைச் சம்மதிக்க வைத்து, கிளினிக் நாள் வரும்வரை காத்திராமல் நேரே கூட்டிக்கொண்டு போனோம். ஈசிஜி எடுத்தார்கள், மாற்றமில்லை. இரத்தச் சோதனையில் இயோசினோஃபில் கொஞ்சம் கூட. டொக்டரும் குளோபிடோக்ரலைத்தான் சந்தேகப்பட்டார். ஆனால் நிற்பாட்டவில்லை. அஸ்பிரினும் அதுவும் தொடரச் சொல்லி, கொஞ்ச நாளைக்குப் பிரெட்னிசலோனும் செற்றிறிசினும் தந்தார். குறையாவிட்டால் டைகாக்ரலோருக்கு மாற்றுவாராம். தொடைப் பக்கம் இப்போது மங்கி வருகிறது, முதுகில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அப்பா இரவில் நித்திரை கொள்கிறார். மணிக்கூட்டுக் கொளுக்கிக் கதையையும் சொன்னோம், சிரிக்காமல் கொப்பியின் முன் மட்டையில் சிவப்புப் பேனையால் எழுதினார்.

மாமா இன்னும் நம்பவில்லை. டைகாக்ரலோர் பற்றி எங்கேயோ வாசித்துவிட்டு, "அதைப் போட்டால் இளைப்பு வருமாமே, அதுவும் அலர்ஜிதானே" என்று இன்று காலை போன் எடுத்தார்.

மருந்துக்கடை (மானிப்பாய்)

இளைப்பு வரும், உண்மைதான். அது அந்த மருந்தின் அறியப்பட்ட பக்கவிளைவு, அலர்ஜி இல்லை. பலருக்கு லேசாக வந்து தானே போய்விடும். ஆனால் மாரடைப்பு வந்தவருக்கு இளைப்பு வந்தால் அது மருந்தா இதயமா என்று மாமா தீர்மானிக்க முடியாது, காட்டத்தான் வேண்டும். மாற்றினால் அது காலையும் மாலையும் இரண்டு வேளை போடுகிற குளிசை, குளோபிடோக்ரல் மாதிரி ஒரு வேளை இல்லை. விலையும் கூட. அதனால் எழுதித் தந்த அன்றே எங்கே தொடர்ந்து கிடைக்கும் என்று விசாரித்து வையுங்கள். ஒரு கிழமைக் குளிசை மிச்சம் இருக்கும்போதே அடுத்ததை வாங்க வேண்டும். 2022இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்த நேரம் கடைசிக் குளிசையோடு கடைக்கு வந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.